விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை யாருக்கு? தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரு விளக்கம்

டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர்கள் விவாகரத்து என்றதும் முதலில் கேட்பது, "பிள்ளை யாருக்கு?" என்றுதான். கேள்வியே கொஞ்சம் கோணல். 2005ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் சேர்த்தே பேசுகிறது: பிள்ளையை வளர்ப்பது, தொடர்பில் இருப்பது, பாதுகாவலராக இருப்பது, செலவுக்குப் பணம் தருவது. விவாகரத்தில் முறிவது கணவன் மனைவி பந்தம் மட்டும்தான். அண்ணன் தம்பி சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டாலும் அம்மாவைப் பார்க்கும் பொறுப்பு இருவருக்கும் இருக்கிறதே, அது மாதிரி.

காரணம், அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு. பிள்ளை சம்பந்தப்பட்ட எதிலும் அதன் நலனே முதன்மை என்கிறது. அதனால் பெற்றோர் இருவரும் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டு வந்தாலும், பிள்ளைகளுக்கான ஏற்பாடு திருப்தியாக இல்லாவிட்டால் நீதிபதி விவாகரத்தே தரமாட்டார். தேவைப்பட்டால் குடும்ப வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து அறிக்கை கொடுக்கும். அது அரசு அலுவலகம், கட்டணம் கிடையாது, பிள்ளை சொல்வதையும் கேட்பார்கள். பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போக, பொதுவாகப் பாதுகாவலர் இருவரின் சம்மதமும் வேண்டும்.

அப்புறம், "அவர் பணம் தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்பது சட்டப்படி செல்லாது: பணத்துக்குப் பராமரிப்பு நீதிமன்றம் தனியாக இருக்கிறது, நீதிமன்ற உத்தரவை மீறிப் பார்க்கவிடாமல் தடுப்பதோ தண்டனைக்குரிய குற்றம்.