கலைக் கில்ட் செய்கிறவர்கள் முதலில் படம் வரைந்துகொள்வீர்களா? ஒன்றை முடிக்க ஏன் இத்தனை மாதம் ஆகிறது?

மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் வரைவதில்லை. மாதக்கணக்கில் ஆவதற்கும் அதுதான் காரணம்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஊடுருவித் தைத்தால் அது கில்ட். படுக்கைக்கென்று இல்லாமல் சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கென்றே தைத்தால் கலைக் கில்ட். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் கில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டது. அவற்றைப் புதிய கண்ணோடு பார்க்கப் பலரும் அதன் பிறகுதான் தொடங்கினார்கள். ஆனால் அங்கே தொங்கியவற்றில் பெரும்பாலானவற்றைத் தைத்த பெண்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

சென்ற முறை முடித்த கில்டையே எடுத்துக்கொள்கிறேன். மழை விட்டபின் ஒரு சுவரில் நீர்க்கறை காய்ந்துகொண்டிருந்தது. ஓரம் கருத்து, நடு வெளுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். கைபேசியில் படம் எடுத்தேன். பிறகு அந்தப் படத்தை வேண்டுமென்றே திறக்கவில்லை. பார்த்துப் பார்த்து வெட்டினால் கறையின் நகல்தான் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது, ஈரம் மெல்லப் பின்வாங்குகிற அந்த நடை.

துணிக்கு நானே சாயமேற்றுவேன். வெள்ளைப் பருத்தியைக் கஞ்சி போகத் துவைத்து, சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, ரியாக்டிவ் சாயத்தில் போடுவது. சோடாவின் காரத்தன்மை இருந்தால்தான் இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகச் சேரும். சீரான நிறம் வேண்டுமென்றால் பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், ஓயாமல் கிளற வேண்டும். நான் நேர்மாறு: சின்னப் பாத்திரத்தில் துணியைக் கசக்கித் திணித்து, கொஞ்சமாக நீர் விட்டு, கைபடாமல் விட்டுவிடுவேன். மடிப்புக்கு மடிப்பு சாயம் திட்டுத் திட்டாக ஏறும். கறையை வரைய நான் ஏன் மெனக்கெட வேண்டும், சாயமே கறையாக விழும்போது?

அடுத்தது சுவர். சொரசொரப்பான ஃபிளானல் துணி போர்த்திய பெரிய தெர்மாகோல் பலகை அது. பருத்தித் துண்டை அதில் வைத்து அழுத்தினால் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுவேன், ஒட்டுவேன், பத்தடி பின்னால் போய் நிற்பேன், திரும்பி வந்து பிடுங்குவேன். என் மாதங்களில் பாதி இந்தப் பத்தடியில்தான் கழிகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சும்மா நிற்பதாகத் தோன்றும்.

அந்தக் கில்டில் காவி நிறத்துண்டு ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம்தான். சாயம் அதில் விழுந்திருந்த அழகுக்காகவே நட்டநடுவில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்கினேன். பன்னிரண்டு நாள் ஆகியும் ஏதோ கூடிவரவில்லை. ஒருநாள் முழுச் சுவரையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தேன். காவித் துண்டைக் காணவில்லை! பக்கத்தில் இருந்த நீலத்தின் அடர்த்தியும் இதன் அடர்த்தியும் ஒன்றேதான். நிறத்தைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பல். நிறத்தில் மயங்கி வெளிச்சக் கணக்கைக் கோட்டைவிட்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: மிகவும் பிடித்த துண்டை ஒருநாள் எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்தேன். அந்த இடத்தில் வெளுத்த, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத ஒரு துணி வந்தது. வளையங்கள் அப்போதுதான் அசையத் தொடங்கின.

துண்டுகளை இணைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் அங்குலம் தையலுக்கு விட்டு, பொறுமையாகத் தைத்து, ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட வேண்டும். வளைவுகள் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுப்படுவதால் இழுபடும், இழுக்காதீர்கள்.

மூன்றடுக்கையும் ஊக்கு குத்திச் சேர்த்தபின் வருவதுதான் எனக்குப் பிடித்த வேலை. இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிட்டால், துணி முழுக்க நம் கைக்கு வந்துவிடும். கை வேகமாகப் போனால் தையல் நீளும், தயங்கினால் ஒரே இடத்தில் நூல் முடிச்சாகக் குவியும். காலின் வேகமும் கையின் வேகமும் ஒத்துப்போக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இயந்திரத்தில் தைத்தால் கலையா என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண் 1880-களிலும் 1890-களிலும் தைத்த இரண்டு கில்ட்கள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இரண்டிலும் கைத்தையலோடு இயந்திரத் தையலும் இருக்கிறது. அத்தோடு அந்த வழக்கை நான் முடித்துக்கொண்டேன்.

மேல்துணியின் நிறத்திலேயே நூல் போடுவேன். கோடு கண்ணுக்குத் தெரியாது, நிழல்தான் தெரியும். நெருக்கித் தைத்த இடம் அமுங்கும், தைக்காத இடம் பஞ்சோடு உப்பி நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பாருங்கள், மேல்துணியில் இல்லவே இல்லாத இன்னொரு படம் எழும். அதை முன்கூட்டி எப்படி வரைவது?

அந்த நீர்க்கறைக் கில்டில் இந்த வேலையைக் கெடுத்தும் வைத்தேன். நடுவில் ஆசை தீர நெருக்கித் தைத்துவிட்டு ஓரங்களைச் சும்மா விட்டேன். நடு சுருங்கியது, ஓரங்கள் பாவாடை விளிம்பைப் போல அலையடித்தன. நனைத்து, தரையில் இழுத்து ஊசி குத்திக் காயவைத்ததில் பாதி அலை அடங்கியது. மீதிக்கு ஓரம் முழுவதையும் அதே நெருக்கத்தில் தைப்பதைத் தவிர வழியில்லை. மூன்று வாரம் போயிற்று. நூறு சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கியது தொண்ணூற்று ஐந்தில் வந்து நின்றது.

அந்தக் காவித் துண்டு வீணாகவில்லை. பின்பக்கத்தில் பெயர்த்துணி ஒன்று தைக்க வேண்டியிருந்தது. அதில்தான் என் பெயரையும் ஆண்டையும் எழுதினேன்.