என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) ஆட்டத்தை மூன்று மணி நேரம் எப்படித்தான் உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?

கேள்வியின் கீழேயே, "நாலு நொடி ஆடுகிறார்கள், அப்புறம் நிறுத்திவிட்டுக் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம். 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகைக்காரர்கள் சில ஆட்டங்களின் ஒளிபரப்பை எடுத்துவைத்துக்கொண்டு நொடிக்கணக்காக அளந்து பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒளிபரப்பில் பந்து உயிரோடு இருப்பது சுமார் 11 நிமிடம். விளம்பரம் ஒரு மணி நேரம். மிச்சத்தில் பெரும்பங்கு, ஆட்டக்காரர்கள் வட்டமாகக் குனிந்து பேசுவதும், வரிசைக்கு வந்து நிற்பதும், இடுப்பில் கைவைத்துக்கொண்டு சும்மா திரிவதும்.

எனக்குப் பிடித்தது அந்த மிச்சம்தான்.

2013 ஆகஸ்டில் வீட்டுக்காரருடைய வேலைக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்தோம். கிரீன் பேயிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்குப் பால் வாங்கப் போனேன். தெருவில் ஒரு குருவி இல்லை. கல்லாவில் இருந்த பெண் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் ஏதோ பெரிய சாவு போலிருக்கிறது என்று நினைத்தபடி திரும்பினேன். விளம்பர இடைவேளையில் நாயை வெளியே விட வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி என்னையும் பால் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆட்டம் ஓடும்போது கடைக்குப் போகிற ஒரே ஆள் நீதான்" என்று சொல்லி உள்ளே இழுத்துப் போனார். (பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. எழுபது தாண்டியவரை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே பாட்டி என்றே இருக்கட்டும்.)

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி இவ்வளவுதான்: நாலு வாய்ப்பு, பத்து கஜம். நாலு வாய்ப்புக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னால் தள்ளிவிட்டால் இன்னும் நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. மடிசார் புடவையைவிட ஒரே ஒரு கஜம்தான் அதிகம். அதற்குப் பக்கத்துக்குப் பதினொரு பேர் மலை மாதிரி மோதிக்கொள்கிறார்கள்.

நான் மயங்கி விழுந்தது அந்தப் பத்து கஜத்தை அளக்கிற அழகில். ஒருவர் மேல் ஒருவராக ஆறேழு பேர் குவிந்து கிடப்பார்கள். அடியில் பந்து எங்கே நின்றது என்பதை நடுவர் ஓடிவந்து குத்துமதிப்பாகப் பார்த்து, பந்தை எடுத்து ஓரிடத்தில் வைப்பார். அப்படி வைத்த பிறகு, இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டிய பத்து கஜச் சங்கிலியை ஓரத்திலிருந்து தூக்கிவந்து, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மயிரிழை பிசகாமல் அளப்பார்கள். கண் அளவில் அரிசியைக் கொட்டிவிட்டு உப்பை மட்டும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் போடுகிற சமையல். 2017 டிசம்பரில் ஓக்லண்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் சங்கிலிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நடுவர் ஒரு காகித அட்டையை எடுத்து மடித்து, பந்துக்கும் கம்புக்கும் நடுவே விட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழிலில், கடைசியில் பஞ்சாயத்தைத் தீர்த்தது ஒரு துண்டு அட்டை. 2025 முதல் கேமராக்கள் அளக்கின்றன. சங்கிலி, வேலை போன பெரியவர் மாதிரி ஓரத்தில் துணைக்கு நிற்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான்.

அடுத்தது, இரண்டு நிமிட எச்சரிக்கை. முதல் பாதியிலும் ஆட்ட முடிவிலும் இரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி, "இரண்டு நிமிடம் பாக்கி" என்று அறிவிப்பார்கள். அரங்கில் ஆளுயரக் கடிகாரத்தில் அதுதான் மின்னிக்கொண்டிருக்கும். இருந்தாலும் நிறுத்துவார்கள், விளம்பரம் போடுவார்கள். அந்த இரண்டு நிமிடம் முடிய இருபது நிமிடம்கூட ஆகும். ஞாயிறு பிற்பகல் ஆட்டம் முடிகிற நேரம் கும்பகோணத்தில் திங்கட்கிழமை விடிகிற நேரம். அப்பா எழுந்ததும் முதல் வேலையாகக் கூப்பிடுவார். "ரெண்டே நிமிஷம்ப்பா, ஆட்டம் முடியப்போகுது" என்று வைத்துவிடுவேன். ஒருமுறை நான் திருப்பிக் கூப்பிடும்போது அவர் காபி குடித்து, பேப்பர் படித்து, குளித்தும் முடித்திருந்தார். "உங்க ஊரு ரெண்டு நிமிஷம் வேற, எங்க ஊரு ரெண்டு நிமிஷம் வேறயாம்மா?" என்று கேட்டார். சேப்பாக்கத்தில் ஐந்து நாள் வெயிலில் உட்கார்ந்து டிரா பார்த்துவிட்டு வந்தவர் கேட்கிற கேள்வியா இது?

"முடிவுதான் தெரிந்துவிட்டதே, அணைத்துவிடலாமே" என்று மட்டும் இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். 1968 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. நியூயார்க் ஜெட்ஸ் 32, ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 29. பாக்கி 65 நொடி. மணி ஏழு ஆகிவிட்டது என்று ஆட்டத்தை வெட்டி, ‘ஹைடி’ என்ற மலைச் சிறுமியின் கதைப் படத்தைப் போட்டுவிட்டார்கள். மலையில் அந்தச் சிறுமி நடந்துகொண்டிருந்தபோது ஓக்லண்ட் ஒன்பது நொடி இடைவெளியில் இரண்டு டச்டவுன் (பந்தை எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) போட்டு 43–32 என்று ஜெயித்துவிட்டது. ஜனங்கள் போன் போட்டுத் திட்டிய திட்டில் அந்த நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகமே செயலிழந்தது. இன்றும் அதற்கு ஹைடி ஆட்டம் என்றுதான் பெயர்.

எங்கள் அணிக்கு வருகிறேன். கிரீன் பே பேக்கர்ஸ். 1919-ல் ஒரு இறைச்சி பேக்கிங் கம்பெனி சட்டைக்கும் சாமானுக்கும் 500 டாலர் கொடுத்ததால் வந்த பெயர். ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். லாம்போ ஃபீல்ட் அரங்கில் உட்காரும் இடம் 81,000-க்கு மேல். மற்ற அணிகளுக்கெல்லாம் கோடீஸ்வர முதலாளிகள் உண்டு. எங்கள் அணிக்கு முதலாளிகள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அதில் அடியேனும் ஒருத்தி.

2021 குளிர்காலத்தில் பங்கு விற்றார்கள், ஒன்று 300 டாலர். வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கிற மனிதர். "டிவிடெண்ட் வருமா?" வராது. "விலை ஏறுமா?" ஏறாது. "வேண்டாம்னா விக்கலாமா?" விற்க முடியாது. "டிக்கெட்டாவது முன்னுரிமையில கிடைக்குமா?" அதுவும் கிடையாது. "பின்ன என்னதான் குடுப்பாங்க?" சட்டம் போட்டு மாட்ட ஒரு காகிதம் கொடுப்பார்கள். வருடாந்தரக் கூட்டத்துக்குப் போகலாம். "கோயிலுக்குக் குடுத்தா ட்யூப்லைட்லயாவது பேர் எழுதுவாங்க" என்றார். வாங்கிவிட்டேன். இப்போது அந்தக் காகிதம் ஹாலில் எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போட்டோவைவிடக் கொஞ்சம் பெரிய சட்டம்.

லாம்போவுக்கு நான் முதலில் போனது ஒரு டிசம்பரில். பாட்டியின் தம்பிக்கு முதுகுவலி, அவர் சீட்டு எனக்கு வந்தது. காலை எட்டு மணிக்கே வண்டி நிறுத்துமிடத்தில் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி புகை. காரின் பின்கதவைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, பீரிலும் வெங்காயத்திலும் வெந்த பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சிக் குழல்களைச் சுடுகிறார்கள். பல்லில் பட்டால் கீச்சென்று கத்துகிற சீஸ் கட்டிகள். முன்பின் தெரியாதவர் தட்டை நீட்டி, சாப்பிடாமல் விடமாட்டேன் என்கிறார். நான் கொண்டுபோன மிளகாய் பஜ்ஜி பத்து நிமிடத்தில் காலி. அதற்கடுத்த வருடம் பாட்டியின் கூட்டத்தில் எனக்குப் பெயரே கிடையாது, "அந்தக் காரப் பலகாரம் வருகிறதா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

உள்ளே போனால் அலுமினிய பெஞ்சு. பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் அலுமினியம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. காலடியில் போட்டுக்கொள்ள பாட்டி அட்டைப் பெட்டியை வெட்டிக் கொண்டுவந்திருந்தார். பனி கொட்டிய வாரங்களில் அணி நிர்வாகம், அரங்கில் பனி வார ஆள் வேண்டும், கூலி உண்டு என்று அறிவிக்கும். ஊர் ஜனம் மண்வெட்டியோடு போய் நிற்கும். குளிரைப் பற்றி யாராவது முனகினால் உடனே 1967-ஐ இழுப்பார்கள். அந்த டிசம்பர் 31-ல் இதே மைதானத்தில் சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் கைவிட்டன. விசில் நடுவரின் உதட்டிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டதால், அப்புறம் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். டாலஸ் அணியை 21–17 என்று கடைசி நொடிகளில் ஜெயித்தோம். (ஜெயித்தார்கள் என்று எழுதவேண்டும். பங்கு வாங்கியதிலிருந்து வினைமுற்று தானாக மாறிவிடுகிறது.) அன்று அரங்கில் இருந்தவர்கள் 50,861 பேர். "எங்கப்பா அங்கே இருந்தார்" என்று இன்று சொல்கிறவர்களைக் கூட்டினால் பத்து மடங்கு தேறும். பாட்டியின் அப்பா நிஜமாகவே இருந்தவர். கிழித்த டிக்கெட் பைபிளுக்குள் இருக்கிறது. நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

தலையில் வைத்துக்கொள்ளும் அந்த மஞ்சள் முக்கோணத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து இல்லினாய்ஸ்காரர்கள் எங்களைக் கேலி செய்ய வைத்த பெயர் சீஸ்ஹெட். 1987-ல் மில்வாக்கியைச் சேர்ந்த ரால்ஃப் புருனோ, அம்மாவின் சோபா நுரைப்பஞ்சை வெட்டி ஒரு சீஸ் தொப்பி செய்து, திட்டையே கிரீடமாக்கிவிட்டார். 1995-ல் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு ரசிகரின் சிறு விமானம் விழுந்தபோது, அவர் அந்தத் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு பிழைத்தார். வீட்டுக்காரர் இதை நம்பவில்லை, தேடிப் படித்துவிட்டுத் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

மற்ற ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஜெயித்தால் விளக்குக் கம்பத்தில் ஏறுவார்கள் என்று 2018-ல் போலீஸ்காரர்கள் கம்பங்களில் சமையல் கொழுப்பைத் தடவினார்கள், அப்படியும் ரசிகர்கள் ஏறினார்கள். வழுக்குமரம் ஏறிப் பழகிய நமக்கு இதெல்லாம் சாதாரணம். பஃபலோவில் ஆட்டத்துக்கு முன் மடக்கு மேசைமேல் குதித்து உடைப்பது சம்பிரதாயம். எனக்கு மிகப் பிடித்தவர்கள் கிளீவ்லண்ட்காரர்கள். 2017 பருவத்தில் அவர்கள் அணி 16 ஆட்டத்திலும் தோற்றது. கொட்டும் குளிரில் ஆயிரக்கணக்கானோர் கூடி அரங்கத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். வட்டமாகச் சுற்றியதற்குக் காரணம் உண்டு: மேலிருந்து பார்த்தால் பூஜ்யம் தெரியும்.

எங்கள் வீட்டுச் சண்டை வேறு ரகம். பதினாறு பருவம் எங்களுக்கு ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) பிரெட் ஃபார்வ், 2008 மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வு அறிவித்தார். ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸில் இருந்தார். அடுத்த வருடம் மினசோட்டா வைக்கிங்ஸ்! பங்காளி வீட்டுப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த மாதிரி. பாட்டி அவருடைய 4-ஆம் எண் சட்டையை எரிக்கவில்லை, நிலவறையில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் போட்டுவைத்தார். 2015-ல் அணி அவரைத் திரும்ப அழைத்துக் கௌரவித்தபோது சட்டையைத் துவைத்து வெளியே எடுத்தார். அவருக்குப் பின் வந்த ஏரன் ராட்ஜர்ஸும் 2023-ல் அதே ஜெட்ஸுக்குப் போனார். அங்கே முதல் ஆட்டத்தின் நாலாவது அசைவிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. "நியூயார்க் வாசல் சரியில்லை" என்றேன். வாஸ்து பற்றி அன்றுதான் பாட்டிக்கு ஒரு மணி நேரம் விளக்கவேண்டி வந்தது.

தோல்வி என்றால் 2015 ஜனவரி, சியாட்டில். பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போக ஐந்து நிமிடம் பாக்கி, 19–7 என்று முன்னால் இருந்தோம். கூடுதல் நேரத்தில் 28–22 என்று தோற்றோம். பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய், கழுவிவைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினார். நான் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கலந்து எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் நின்றபடியே சாப்பிட்டோம்.

ஒரு இடைவெளி மட்டும் எனக்கு மறக்காது. 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. பஃபலோவின் டமார் ஹாம்லின் ஒருவரைத் தடுத்துவிட்டு எழுந்து நின்றார், அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே உயிரூட்டினார்கள். அந்த ஆட்டம் திரும்பத் தொடங்கவே இல்லை. அவர் பிழைத்து, மறுபடி ஆட வந்ததும் உண்மைதான். ஆனாலும் பெரிய மோதல் நடக்கும்போது கைதட்ட எழுகிற என் கை அன்றிலிருந்து ஒரு நொடி தாமதிக்கிறது, விழுந்தவர் எழுந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு.

சீசன் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பீர்கள். காத்திருப்போர் பட்டியலில் 1,40,000 பேருக்கு மேல். டிக்கெட்டை உயிலில் எழுதிவைக்கிற ஊர் இது. பிள்ளை பிறந்ததும் பட்டியலில் பெயர் கொடுப்பார்கள். நாங்களும் மகள் பெயரைக் கொடுத்திருக்கிறோம், இப்போது அவளுக்கு ஆறு வயது. போன முறை பார்த்தபோது முந்தைய வருடத்தைவிடச் சில நூறு இடம் முன்னேறியிருந்தாள். வீட்டுக்காரர் போனில் கால்குலேட்டரைத் திறந்து வகுத்துப் பார்த்தார். என்ன விடை வந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.