வடசென்னைக்கு வரும் பணம் எதில் போக வேண்டும்?

கேள்வி: பல மொழியினரும் பல மதத்தினரும் நெருக்கியடித்து வாழும் துறைமுகம், ராயபுரம் போன்ற தொகுதிகளில் அரசு கோடிகளைக் கொட்டுவதால் மக்களின் அன்றாட உறவில் ஏதாவது மாறுகிறதா?

மாறும். ஆனால் எதைக் கட்டுகிறார்கள், கட்டியதை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான்.

நான் மண்ணடிக்காரன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சமூகமும் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டது. சௌகார்பேட்டையில் ஜைனக் கோயில்கள், மண்ணடியில் பள்ளிவாசல்கள், அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம், கொஞ்சம் தள்ளி ராயபுரத்தில் பார்சிகளின் நெருப்புக் கோயில். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பீச் ஸ்டேஷன் ஓரத்தில் ஒரு பஜாரையே உண்டாக்கினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அரசு எட்டிப் பார்க்காத காலத்தில் பல குடும்பங்களைத் தாங்கியவை இவைதான். ஆனால் இவை பெரும்பாலும் அவரவர் ஆட்களுக்கானவை. மார்வாடி வீட்டுப் பாட்டியும் காசிமேட்டு மீனவரும் மண்ணடி பாயும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் எது என்று கேட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பூங்கா, அவ்வளவுதான். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத இடத்தைப் பொதுப்பணத்தால் மட்டுமே கட்ட முடியும். அதனால் முதல் செலவு அங்கேதான் போகணும் என்பது என் கருத்து.

பணம் வரவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. 2023-ல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கியபோது 4,181 கோடியாக விரிந்தது. பல பத்தாண்டு புறக்கணிப்புக்குப் பிறகு வந்தது, மனதார வரவேற்கிறேன். என் கவலை திறப்பு விழாவுக்கு அப்புறம் என்ன ஆகும் என்பதில்தான். எம்.பி.க்களுக்குக் கிடைக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 5 கோடி, ஆனால் நிலையான சொத்துகளை உருவாக்கத்தான் அது பயன்படும், சம்பளம் மாதிரி தொடர் செலவுக்கு எடுக்க முடியாது. கட்டடம் வந்துவிடும். சாவி யாரிடம், சாயங்காலம் திறந்து விளக்குப் போடுவது யார், கழிவறையைத் தினமும் கழுவுவது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத உடற்பயிற்சிக் கூடமும் படிப்பகமும் சில மாதங்களில் பூட்டிக் கிடக்கும், அப்புறம் பொம்பளைப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். கேரமுக்கு வேண்டியது ஓர் அறை, நல்ல பலகை, வெளிச்சம், கூடவே பொறுப்பாகச் சொல்லித் தரும் ஓர் ஆள். ஸ்டேடியம் தேவையில்லை. இப்படி ஓர் அறையை வார்டுக்கு ஒன்றாகத் திறந்து, பொறுப்பாளருக்கு மாதச் சம்பளமும் கொடுத்தால், எந்த மதத்துப் பிள்ளை எந்த மொழி பேசுகிறது என்பது பலகைக்கு முன்னால் ஒரு பொருட்டாகவே இருக்காது.

மெட்ரோவும் அப்படித்தான். 2019-ல் மண்ணடி ஸ்டேஷன் திறந்தது பெரிய வசதி, கீழே எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மேலே ஏறி வந்தால் பைக், தள்ளுவண்டி, சரக்கு இறக்கும் டெம்போ, இதற்கிடையில் வயதானவர்கள் நடக்க ஓர் அடி இடம் இல்லை. நடைபாதைக்கு ஆகும் செலவு சுரங்கத்துக்கு ஆனதில் துளிதான், ஆனால் பக்கத்துத் தெருவுக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வர அதுதான் வழி.

இன்னொன்று, குடியிருப்பு. கால்வாய் ஓரத்திலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் ஏழைக் குடும்பங்களை எடுத்து, தூரத்தில் தென்கோடியில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டு, அவர்கள் இருந்த இடத்தை அழகுபடுத்துவதை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியாது. பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்தால் அதே இடத்தில் கட்டி, அதே ஆட்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? 2022-லிருந்து வார்டுகளில் பகுதி சபை என்று, அந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குப் போங்கள். புதுக் கட்டடம் கேட்பதற்கு முன்னால், இருக்கிற கட்டடத்தை நடத்த ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், பதிலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அறிவிப்பைத் தமிழோடு உருது, தெலுங்கு, இந்தியிலும் ஒட்டச் சொல்லுங்கள். கூட்டத்தை வேலைக்குப் போகும் பெண்கள் வர முடிகிற ஞாயிற்றுக்கிழமையில் வைக்கச் சொல்லுங்கள்.