பெரியப்பாவின் '73' – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பெரியப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் '73' என்ற அமெரிக்க அமெச்சூர் ரேடியோ பத்திரிகை, அதாவது பொழுதுபோக்காக ரேடியோ கட்டி ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்களுக்கான பத்திரிகை, ஒரு கட்டு இருந்தது. எல்லாம் 1970களில் வந்தவை. பக்கமெல்லாம் பென்சிலில் கிறுக்கியிருந்ததால் பாதியை ஆக்ரிக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். மீதியைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். இதன் வரலாறு என்ன? யாராவது விலைக்கு வாங்குவார்களா? எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது இதை வைத்துக்கொள்வதில் பயன் உண்டா?

எஸ்., வேலந்தாவளம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் கொல்லையில் அறுந்து கிடந்த ஏரியல் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புகுந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறையில் எந்தக் கம்பியும் ஆடி தாண்டாது. முன்பெல்லாம் கள் இறக்க வருகிறவரிடம் சொன்னால் இரண்டு பனைக்கு நடுவில் கட்டிவிட்டு, "இதுல என்னங்க கேக்கும்?" என்று உச்சியிலிருந்தே விசாரிப்பார். இப்போது ஏற ஆளில்லை. முருங்கையில் கட்டினேன், கிளையோடு வந்துவிட்டது. கம்பியைச் சுருட்டும்போது ஞாபகத்தில் ஓடியதும் இந்தப் பழைய பத்திரிகைகள்தான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தின் பெரியண்ணன் அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் 'க்யூஎஸ்டி'. 1915 டிசம்பரில் தொடங்கி இன்றும் வருகிறது. '73' அடங்காத தம்பி. 'சிக்யூ' என்ற இன்னொரு அமெச்சூர் பத்திரிகையில் ஆசிரியராக இருந்த வெய்ன் கிரீன் அங்கிருந்து வெளியேறி, 1960 அக்டோபரில் சொந்தமாகத் தொடங்கியது. 73 என்பது தந்திக்காரர்கள் பேச்சை முடிக்கும்போது தட்டுகிற எண். 'அன்பு வணக்கம்' என்று அர்த்தம். நியூ ஹாம்ப்ஷயரில் பீட்டர்பரோ என்ற சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு நடத்தினார். 1975இல் 'பைட்' என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையையும் அவர்தான் தொடங்கினார். அது அவர் கையைவிட்டுப் போன கதை வேறு. '73' 2003 செப்டம்பர் இதழோடு நின்றது. கிரீன் 2013இல் காலமானார். விலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அவருடைய தலையங்கத்தின் பெயர் 'நெவர் ஸே டை'. சாகமாட்டேன் போ, என்பது மாதிரி. பக்கம் பக்கமாகச் சண்டை. சங்கத்தோடு சண்டை, மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு தெரிந்தால்தான் லைசென்ஸ் என்ற விதியோடு சண்டை. எனக்கு இந்தப் பத்திரிகையைப் படிக்கக் கொடுத்தவர் சித்தூர்ப் பக்கத்தில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற தந்தி ஊழியர். மோர்ஸே மூச்சாக வாழ்ந்த மனிதர். தலையங்கப் பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்துவிட்டுத்தான் இதழைக் கையில் கொடுப்பார். அடுத்த இதழ் வர ஒரு நாள் பிந்தினாலும் தபால்காரரைத் திட்டுவதும் அவர்தான்.

இப்போது பென்சிலுக்கு வருகிறேன். கிறுக்கல் என்று எழுதிவிட்டீர்கள். தம்பி, எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பத்திரிகையில் வந்த சர்க்யூட்டுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் வாசகர்களே. வீட்டில் சால்டரிங் வைத்துச் செய்து பார்த்துவிட்டு எழுதியவர்கள். ஆனால் அவர்கள் கடையில் கிடைத்த சாமான் அப்போது நம் ஊரில் கிடைக்காது. 2என்2222 டிரான்சிஸ்டர் என்று அச்சில் இருக்கும். நமக்குக் கிடைத்தது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) கம்பெனியின் பிசி148. ஒன்றுக்கு இன்னொன்று ஒத்துவருமா என்பதை யாராவது ஒருவர் செய்து, சுட்டுக்கொண்டு, பிறகு ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.

நான் பிளஸ் டூ வயதில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரிசீவர் கட்டினேன். அலைவரிசையைப் பிடிக்கிற கம்பிச் சுருளான காயிலுக்கு, டொராய்டு என்ற காந்த வளையத்தில் 22 சுற்று என்று போட்டிருந்தது. வளையத்துக்கு எங்கே போவது? மாத்திரை டப்பா மேல் அதே 22 சுற்றைச் சுற்றினேன். மூன்று வாரம் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. ரேடியோவே எனக்கு ராசியில்லை என்று முடிவுசெய்து இதழைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், மடிப்புக்குள் மறைந்திருந்த பென்சில் வரி கண்ணில் பட்டது: "மாத்திரை டப்பா என்றால் 13 போதும்." டப்பாவின் குறுக்களவு வளையத்தைவிடப் பெரிது, 22 சுற்றினால் காயிலின் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். மதிப்பு ஏறினால் அலைவரிசை இறங்கும். ஏழு மெகாஹெர்ட்ஸில் நிற்கவேண்டிய ரிசீவர் நாலரைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. ஒன்பது சுற்றைப் பிரித்தேன். அன்று ராத்திரி யாரோ ஒருவர் தன் ஊரில் மழை என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவ்வளவுதான் விஷயம். மழை. நான் அம்மாவை எழுப்பிவிட்டேன்.

அந்த வரியை எழுதியது தந்திக்காரர் இல்லை, அவர் எழுத்து எனக்குத் தெரியும். அவரிடமிருந்து இதழ்கள் கைமாறிக் கைமாறி நாலைந்து வீடுகளுக்குப் போய்வரும். வாங்கியவர் ஒவ்வொருவரும் தான் செய்து கெட்டதை ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். இணையத்தில் '73' முழுசும் ஸ்கேன் ஆகி இருக்கிறது, நானும் பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. ஓரம் காலி. 22 சுற்று என்றுதான் இப்போதும் சொல்கிறது.

உங்கள் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் இதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி இருக்கும் இதழ்களில் எங்கேயாவது பச்சை மையில், எழுத்துப் பிழையோடு ஏதாவது எழுதியிருந்தால் அது நான். வீட்டில் பென்சில் இல்லாத நாள்.

ஆக்ரிக்கடைக்காரர்கள் வாங்கியதும் லோடு ஏற்றிவிட மாட்டார்கள். லாரி நிறையும் வரை பின்பக்கம் அடுக்கிவைத்திருப்பார்கள். நாளைக் காலையிலேயே போய்க் கேளுங்கள். எடைக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள், நான் தந்துவிடுகிறேன்.