ஸ்பானிஷ் சொல் அட்டைகள்: பிரெஞ்சு தெரிந்தவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

கேள்வி: மொரீஷியஸில், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசலாமே என்று சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்தும் ஆங்கி (Anki) செயலியைப் போனில் இறக்கி, 5,000 சொற்கள் உள்ள ஒரு தொகுப்பைப் போட்டுக்கொண்டேன். இப்போது தினமும் அட்டைகள் மலைபோல் குவிகின்றன. ஸ்பானிஷ் சொல்லைப் பார்த்தால் அர்த்தம் தெரிகிறது, ஆள் எதிரே நின்றால் வாய் வரவில்லை. பிரெஞ்சு தெரிந்தால் ஸ்பானிஷ் சுலபம் என்றார்களே? — வாசகி, ரோஸ் ஹில்

முதலில் அந்த 5,000 சொல் தொகுப்பை நிறுத்திவையுங்கள். அழிக்க வேண்டாம், சஸ்பெண்ட் செய்தால் போதும். யாரோ யாருக்கோ தயாரித்த பட்டியல் அது. அதில் நாடாளுமன்றம் முதலில் வரும், தலையணை உறை எப்போது வரும் என்று தெரியாது.

அட்டைகள் குவிவது உங்கள் சோம்பலால் அல்ல, வெறும் கணக்கு. ஆங்கி தானாகவே நாளுக்கு 20 புதிய அட்டைகள் தருகிறது. ஒவ்வொன்றும் மறுநாள், சில நாள் கழித்து, சில வாரம் கழித்து என்று இடைவெளி நீண்டபடி திரும்பி வரும். தினமும் 20 சேர்த்துக்கொண்டே போனால், திருப்பிப் பார்க்க வேண்டியவை மட்டும் நாளுக்குச் சுமார் 200 ஆகிவிடும். வேலைக்குப் போகிறவருக்கு 7 அல்லது 8 புதியவை தாராளம். செட்டிங்கில் அந்த எண்ணை மாற்றுங்கள். பஸ் பயணத்திலேயே முடித்துவிடலாம்.

வாய் வராததற்குக் காரணம் அட்டையின் திசை. முன்பக்கம் ஸ்பானிஷ், பின்பக்கம் அர்த்தம் என்று வைத்துப் படித்தால் படிக்கத்தான் வரும், பேச வராது. திருப்பிப் போடுங்கள்: முன்னால் படமோ அர்த்தமோ, பின்னால் ஸ்பானிஷ் சொல்லும் ஒலியும். அட்டையைப் புரட்டுமுன் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ்ஸில் உதட்டை அசைத்தாலும் சரி, மனசுக்குள் 'தெரியும்' என்று தாண்டிப் போகாதீர்கள். மறந்துபோனால் 'அகெய்ன்' பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். பலர் கூச்சப்பட்டு 'ஹார்ட்' அழுத்துகிறார்கள். அது 'சிரமப்பட்டேன், ஆனாலும் நினைவு வந்தது' என்று ஆங்கிக்குச் சொல்கிறது. பிறகு இடைவெளிக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

இனி பிரெஞ்சு விஷயம். சுலபம் என்றவர்கள் பாதிதான் சொன்னார்கள். லிஃப்டுக்கு ஸ்பானிஷில் 'அஸென்சோர்'. பிரெஞ்சு தெரிந்தவருக்கு இதற்கு அட்டையே தேவையில்லை, போடாதீர்கள். பிரெஞ்சு கைவிடும் இடங்களுக்குத்தான் அட்டை வேண்டும். குளியல் துண்டையும் சாப்பாட்டு மேஜையில் வாய் துடைக்கும் துணியையும் பிரெஞ்சில் 'செர்வியெத்' என்றே சொல்கிறோம், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் ஊர்க் கிரியோலிலும் அப்படித்தான். ஸ்பானிஷில் 'செர்வியேத்தா' என்றால் வாய் துடைக்கும் மேஜைத் துணி மட்டும், குளியல் துண்டு 'தோஆயா'. பூல் பக்கம் துண்டு கேட்டவருக்குப் பேப்பர் நாப்கின் போய்ச் சேர்வது இப்படித்தான். இதற்கு இரண்டு அட்டை போடுங்கள்: ஒன்றில் துண்டின் படம், ஒன்றில் நாப்கின் படம். பிரெஞ்சுச் சொல்லை முன்பக்கத்தில் எழுதவே கூடாது.

இன்னொன்று, பிரெஞ்சுச் சொல் மாதிரியே ஒலித்து அர்த்தம் மாறுபவை: ஸ்பெயின்காரர் ரிசப்ஷனில் வந்து 'கொன்ஸ்திபாதோ' என்றால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. மலச்சிக்கல் மருந்துக்கு ஆள் அனுப்பிவிடாதீர்கள்! புது மனைவியைக் காட்டி 'எம்பராஸாதா' என்றால் அவர் கர்ப்பமாக இருக்கிறார், சங்கடப்படவில்லை. 'ஸலீர்' வெளியே போவது, அழுக்காக்குவது அல்ல.

ஆண்பால் பெண்பாலும் இப்படித்தான் காலை வாரும். குடிக்கிற பால் பிரெஞ்சில் ஆண்பால், ஸ்பானிஷில் 'லா லேச்சே', பெண்பால். உப்பும் அப்படியே: 'லா ஸால்'. நிறம் நேர்மாறு, பிரெஞ்சில் பெண்பால், ஸ்பானிஷில் 'எல் கொலோர்'. கிரியோல் பேசும் நமக்குக் கூடுதல் தொல்லை, ஏனென்றால் 'டிலே' (பால்), 'டிசெல்' (உப்பு), 'லாமேர்' (கடல்) என்று பிரெஞ்சில் சொல்லுக்கு முன்னால் தனியாக வரும் சிறு சொல்லெல்லாம் சொல்லோடு ஒட்டிப் பால் வேறுபாடே இல்லாமல் போய்விட்டது. ஆகவே 'லேச்சே' என்று தனியாக ஒரு அட்டையும் வேண்டாம். எப்போதும் 'லா லேச்சே' என்றே எழுதுங்கள்.

இங்கே நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேனே தவிர, அட்டையில் ரோமன் எழுத்துதான் வேண்டும். நம் எழுத்தில் 'பேசோ' என்றால் எடையும் அதுதான், முத்தமும் அதுதான்! ஸ்பானிஷில் முதல் எழுத்தே வேறு. போன் விசைப்பலகையில் ஸ்பானிஷைச் சேர்த்துக்கொண்டால் தலையில் வளைகோடு போட்ட 'n' (ñ) எழுத்து நேராகக் கிடைக்கும். அந்த வளைகோட்டை விட்டுவிட்டு ஒருவரின் வயதைக் கேட்டு எழுதினால், வருடம் என்ற சொல் ஆசனவாயாக மாறிவிடும். ஆனால் உச்சரிப்பில் தமிழ் கைகொடுக்கும்: ஸ்பானிஷின் ஒற்றை 'ர' நம் 'மரம்' என்பதில் வருவது மாதிரிதான். பிரெஞ்சின் தொண்டை ஒலியைக் கொண்டுவராதீர்கள்.

தனிச் சொல்லைவிட வேலையில் சொல்லும் வாக்கியமே மேல். 'லா அபித்தாசியோன் எஸ்தா லிஸ்தா': அறை தயார். இதில் 'எஸ்தா'வை மட்டும் மறைத்து, கோடிட்ட இடம் நிரப்பும் அட்டையாக்குங்கள். ஆங்கியில் அதற்குக் 'க்ளோஸ்' (Cloze) என்று தனி வகையே இருக்கிறது. அங்கே 'எஸ்' என்று போட்டால் 'லிஸ்தா' என்பதற்குப் புத்திசாலி என்று பொருளாகி, அறை கெட்டிக்காரி ஆகிவிடும். 'இருக்கிறது' என்று பொருள்படும் இந்த இரண்டு வினைகளின் வேறுபாட்டை விதியாக மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் பத்து வாக்கியம் போடுவது பலன் தரும்.

ஒரே அட்டையை 8 தடவை மறந்தால் ஆங்கி அதற்கு 'லீச்', அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்று முத்திரை குத்தும், செட்டிங்கைப் பொறுத்துத் தானாக நிறுத்தியும் வைக்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். படத்தை மாற்றுங்கள், இல்லையேல் உங்கள் ஹோட்டலிலேயே நடக்கிற ஒரு வாக்கியத்தில் வைத்துப் புதிதாக எழுதுங்கள்.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஆங்கி இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. அட்டைகளைக் கணினியில் தயாரித்து, ஆங்கியின் இணையச் சேவையான ஆங்கிவெப் கணக்கு வழியாகப் போனுக்குக் கொண்டுவருவது வசதி. போன் தொலைந்தாலும் அட்டைகள் அங்கே இருக்கும்.