பால்கனிக் குளிரில் ஒயின் வைக்கலாமா?

கேள்வி: டொராண்டோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஜனவரி இறுதியில் வீட்டில் ஒரு விருந்து. ஒயின் பாட்டில்களை இப்போதே வாங்கிவிட்டோம். ஃபிரிட்ஜில் சாம்பாருக்கே இடம் போதவில்லை. வெளியே இவ்வளவு குளிர் இருக்கும்போது பால்கனியில் வைத்தால் என்ன?

பதில்: வைக்கலாம், அரை மணி நேரத்துக்கு. அங்கேயே குடிவைத்துவிடாதீர்கள்.

12, 13 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயின் ஏறக்குறைய மைனஸ் 5, 6 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். உங்கள் ஊரின் ஜனவரி இரவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. முதலில் உறைவது ஒயினில் உள்ள தண்ணீர். பனிக்கட்டியாகும்போது அது சுமார் 9 சதவீதம் பெருத்து, கார்க்கை வெளியே தள்ளும், சில சமயம் கண்ணாடியையே பிளக்கும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் ஏற்கெனவே வெளிக்காற்றைப் போல் ஐந்தாறு மடங்கு அழுத்தம் இருப்பதால் அதைப் பால்கனிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். (தண்ணீர் முதலில் உறைவதை வைத்துத்தான் நயாகராவில் ஐஸ் ஒயின் செய்கிறார்கள். மைனஸ் 8 டிகிரியில் கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்துப் பிழிந்தால், பனி தங்கிவிடும், இனிப்புச் சாறு மட்டும் இறங்கும். அந்த வித்தை தோட்டத்தோடு நிற்கட்டும்.)

உறைவதைவிட நான் அதிகம் அஞ்சுவது பகல் வெயிலுக்குத்தான். தெற்கு பார்த்த பால்கனியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், நண்பகலில் பாட்டில் வெதுவெதுப்பாகி, இரவில் மறுபடி விறைக்கும். இப்படி ஏறி இறங்கினால் கார்க்கின் பிடி தளர்ந்து காற்று உள்ளே நுழையும். நிறமற்ற பாட்டிலில் வரும் வெள்ளை ஒயினும் ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயினும் வெளிச்சம் பட்டாலே வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கக்கூடும்.

ஆகவே விருந்து நாள்வரை அவை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஹீட்டரிலிருந்து தள்ளி, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டுதான் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வறண்டிருக்கும் என்பதால் கார்க் போட்டவற்றைப் படுக்கவைப்பது நல்லது. திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் சரி. தனி வீட்டு நண்பர் யாராவது முன்வாசல் படிக்கு அடியில் உள்ள கோல்ட் ரூமைத் தந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடுங்குளிரில் காற்றுத்துளை வழியாக அதுவும் பூஜ்ஜியத்தை நெருங்கும். ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்ப்பது உத்தமம். கராஜில் சும்மா நிற்கும் பழைய ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். அதற்குக் குளிரவைக்கத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது. கராஜ் உறைந்தால் உள்ளே இருப்பதும் உறையும்.

விருந்தன்று பால்கனி உண்மையில் உதவுவது சிவப்பு ஒயினுக்கு. 22 டிகிரி வரவேற்பறையில் இருந்த பாட்டிலைக் கால் மணி, இருபது நிமிடம் வெளியே வைத்தால் பரிமாற ஏற்ற 16, 17 டிகிரிப் பக்கம் வரும். கைபேசியில் அலாரம் வையுங்கள். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோகும். வெள்ளை ஒயினுக்கு வாளியில் பனியை அள்ளிப் போட்டால் மட்டும் போதாது, பனிக்குள் இருக்கும் காற்று குளிரைத் தடுக்கும். தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி உப்பும் போட்டால் இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

மீறி ஒன்று உறைந்துவிட்டால் சுடுநீரில் போடாமல் ஃபிரிட்ஜுக்குள் நிமிர்த்தி வைத்து மெல்ல இளகவிடுங்கள். கார்க் எழும்பியிருந்தால் ஓரிரு நாளில் குடித்துவிட வேண்டும். அடியில் கண்ணாடித்தூள் போல மின்னுவது பெரும்பாலும் டார்டரேட் உப்புதான், தீங்கில்லை. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அது பாட்டிலிலேயே தங்கிவிடும். பாட்டிலில் கீறல் தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.