பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு?

மதுரை வாசகர் ஒருவர்: என்னுடைய பெட்ரோல் காருக்கு ஆறு வயதாகிறது, ஓடியது 38,000 கிலோமீட்டர்தான். கூலன்டை இதுவரை மாற்றியதில்லை. குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றி வந்தேன். பச்சையாக இருந்தது இப்போது தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. "நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது, வெறும் தண்ணீரே போதும்" என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? நானே மாற்றலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல் "குறையும்போதெல்லாம்" என்பதுதான். கூலன்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்க மூடிய சுற்றில் ஓடும் திரவம். அது அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆகவே ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால் என்ஜினுக்குள் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் காஸ்கெட் போயிருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் புதுக் கூலன்ட் ஊற்றுவது வீண் செலவு.

மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை. மதுரையில் எதுவும் உறையாது. வெப்பத்தைச் சுமந்து செல்வதிலும் வெறும் தண்ணீர், கூலன்டில் உள்ள கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருளுக்குச் சளைத்ததல்ல. ஆனால், தண்ணீருடன் சரிபாதி கலந்த கூலன்ட் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். பிரஷர் குக்கரைப் போல மூடியின் அழுத்தமும் சேரும்போது கொதிநிலை 120-ஐத் தாண்டிவிடும். அதைவிட முக்கியம், அலுமினியமும் இரும்பும் அரிக்கப்படாமல் காக்கும் மருந்துகள் அதில் கலந்திருப்பது. வண்டி ஓடாமல் நின்றாலும் அம்மருந்துகள் நாளடைவில் தீர்ந்துபோகும் என்பதால், உங்களைப் போல் குறைவாக ஓட்டுபவர்கள் கிலோமீட்டரை அல்ல, ஆண்டையே கணக்கில் கொள்ள வேண்டும். பழைய வகைக்குப் பொதுவாக 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், நீண்ட ஆயுள் வகைக்கு ஏறத்தாழ 5 ஆண்டு. உங்கள் காரின் கையேடு சொல்வதே இறுதியானது. தேநீர் நிறம் பெரும்பாலும் துருவினுடையது. போர் தண்ணீரின் உப்போ, இட்லிப் பானையின் அடியில் படிவதைப் போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஆகவே உடனே மாற்றிவிடுங்கள்.

கசிவு இல்லை என்று உறுதியானால், நீங்களே மாற்றலாம். இரவு முழுதும் நின்று ஆறிய வண்டியில்தான் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, பழையதைத் தட்டில் பிடியுங்கள். திருகை மூடி, டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடேறும்வரை என்ஜினை ஓட விடுங்கள். அது சூடேறினால்தான், ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆறியபின் வடித்து, தெளிந்த நீர் வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

பலரும் ஏமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்; ரேடியேட்டரை வடித்தால் 3 லிட்டர்தான் வரும், மீதி 2 லிட்டர் கழுவிய தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். அதன்மேல், தண்ணீருடன் சரிபாதி கலந்தே விற்கும் கூலன்டை 3 லிட்டர் ஊற்றினால் உண்மையான அடர்த்தி 30 சதவீதம்தான். எனவே கலக்காத அடர் கூலன்டை 2.5 லிட்டர் ஊற்றி, மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வைத்து என்ஜினை ஐடிலிங்கில் விட்டால், உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி மூடுங்கள். சில கார்களில் ரேடியேட்டருக்கு மூடியே கிடையாது, காற்றை வெளியேற்றத் தனித் திருகு இருக்கும். அவற்றுக்குக் கையேட்டின் முறைதான். மறுநாள் காலையில் ரிசர்வ் டேங்கின் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

வடித்த திரவம் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. தெரு நாயோ குழந்தையோ வாய் வைக்காதபடி மூடிய கேனில் பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

கோவை வாசகர் ஒருவர்: என் காரில் இருப்பது பச்சை, கடையில் கிடைப்பது சிவப்பு. கலக்கலாமா?

பதில்: நிறம் வெறும் சாயம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறத்தில் இரு வேறு வகைகள் இருக்கலாம், ஒரே வகை இரு நிறத்திலும் வரலாம். வகை மாறிக் கலந்தால் அரிப்புத் தடுப்பு குன்றும், சில சமயம் கூழாகத் திரளவும் கூடும். கேனில் அச்சிட்டிருக்கும் தர எண் கையேட்டுடன் பொருந்துகிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொள்ளலாம்.